துப்புச் சீட்டைப் பூப்பாத்தியிலா ஒளிப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய மாளிகைகளிலும் அவற்றின் தோட்டங்களிலும் பருவந்தோறும் நடக்கும் குடும்ப விழாக்களுக்குப் பேத்தியோடு தவறாமல் போகிறவள் நான். போன வசந்த விழாவில் பிள்ளைகளுக்குப் புதையல் வேட்டை வைத்திருந்தார்கள். சரி, நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு துப்புச் சீட்டை, கிழங்கிலிருந்து முளைக்கும் வசந்தகாலப் பூச்செடியான டாஃபோடில் பாத்தியின் நடுவில் ஒளித்து வைத்தது யாருடைய யோசனையோ! அரை மணி நேரத்தில் பாத்தி மிதிபட்டுக் களத்துமேடு போல ஆகிவிட்டது. பூ வாடிய பிறகும் ஆறு வாரமாவது இலைகள் பச்சையாக நிற்க வேண்டும். அப்போதுதான் கிழங்கு அடுத்த ஆண்டுப் பூவுக்குச் சத்து சேர்க்கும். சீட்டைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டிருக்கலாமே.

அப்புறம், மாளிகைக்குள் இருட்டாக இருக்கிறதென்று பலர் முணுமுணுத்தார்கள். அங்கே காட்சிக்கு வைத்திருக்கும் பழங்காலத் துணிகள் வெளுக்காமலிருக்க வெளிச்சத்தை 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற குறைந்த அளவில் வைப்பது வழக்கம். அதை வாசலில் ஒரு வரி எழுதி வைத்தால் என்ன? நான் விளக்கியதும், "துணிக்கும் கண் கூசுமா பாட்டி?" என்றாள் பேத்தி.

இலையுதிர்கால விழாவுக்கும் போவோம். கிழங்கு நடும் பருவம் அது. பிள்ளைகள் கையிலேயே ஆளுக்கொரு கிழங்கைக் கொடுத்து நடச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி