அது கால் ஆணி இல்லை, கண்ணு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்ததும் அம்மா "கால் ஆணி" என்று சொல்லிவிட்டாள். நம் பக்கத்தில் உள்ளங்காலில் எது தடித்தாலும் அதுதானே பெயர். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் மிளகாய் விதையை விடச் சின்னதாக நாலைந்து கறுப்புப் புள்ளிகள். பாதத்து ரேகைகள் அந்த இடத்துக்கு வந்ததும் விலகிப் போகின்றன. வெறும் காய்ப்பாக இருந்தால் ரேகை அதன் மேலேயே ஓடும். அழுத்தினால் வலிக்கிறதா, பக்கவாட்டில் கிள்ளினால் வலிக்கிறதா என்று கேட்டதற்கு, கிள்ளினால்தான் உயிர் போகிறது என்றாய். சரி, அது மரு. லீட்ஸில் மருந்துக்கடைக்குப் போய் வெரூக்கா மருந்து என்று கேள், உள்ளங்கால் மருவுக்கு அங்கே அதுதான் பெயர்.

அந்தக் கறுப்புப் புள்ளிகளை வேர் என்று நினைத்து பிளேடால் தோண்டிக்கொண்டு என் மருந்துக்கடைக்கு வருவார்கள். வேரெல்லாம் கிடையாது. உள்ளே இருக்கிற சின்ன ரத்தக் குழாய்கள் அடைத்துக்கொண்டதுதான் அப்படித் தெரிகிறது. தோண்டினால் ரத்தம் வரும், மருவை உண்டாக்குகிற வைரஸ் பக்கத்துத் தோலுக்கும் தொற்றும். நீச்சல் குளத்து ஈரத் தரையில்தான் உனக்கு இது ஒட்டியிருக்கும்.

மருந்து என்று பார்த்தால் பழைய சாலிசிலிக் அமிலம்தான். படைக்குப் போடுகிற விட்ஃபீல்டு களிம்பில் அது 3%. மருவுக்கு நான் இங்கே விற்ற திரவத்தில் 16.7%, கூடவே அதே அளவு லாக்டிக் அமிலம். உங்கள் ஊர் பசூக்கா ஜெல்லில் 12%, அதிலேயே 'எக்ஸ்ட்ரா ஸ்ட்ரெங்த்' என்று போட்டது 26%. பெயரைப் பார்த்து வாங்காதே, அட்டையில் இருக்கிற இந்த எண்ணைப் பார். 12-இல் ஆரம்பி. உள்ளங்கால் தோல் தடிமன்தான், ஆனாலும் முதல் நாளே பெரிய எண்ணுக்குப் போக வேண்டியதில்லை.

ராத்திரி வெந்நீரில் காலை ஐந்து நிமிஷம் ஊற வை. துடைத்துவிட்டு, சுற்றியிருக்கிற நல்ல தோலுக்கு வாசலின் தடவு. மருந்து மருவின் மேல் மட்டும், ஒரு சொட்டு போதும். காய்ந்து படலமாகும் வரை சாக்ஸ் போடாதே. அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து போடாதே, சட்டென்று தீப்பிடிக்கிற சரக்கு அது. மறுநாள் படலத்தை உரித்துவிட்டு மறுபடியும் போடு. வாரத்துக்கு ஒரு தரம், வெள்ளையாய்ச் செத்த தோலை குதிகால் தேய்க்கும் கல்லாலோ நகம் தேய்க்கும் அட்டையாலோ தேய்த்து எடு. அந்தக் கல்லையோ அட்டையையோ வேறு எதற்கும் தொடாதே, வேறு யாருக்கும் கொடுக்காதே. எரிந்து புண்ணானால் நாலு நாள் நிறுத்திவிட்டு அப்புறம் தொடங்கு. முகத்தில் இருக்கிற மருவுக்கோ மச்சத்துக்கோ இது ஆகாது.

உறைய வைக்கிற ஸ்பிரே பற்றிக் கேட்டிருந்தாய். டாக்டர் வைக்கிற திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. கடையில் விற்பது மைனஸ் 57 பக்கம்தான் போகும். உங்கள் பக்கத்து யார்க் பல்கலைக்கழகத்தில் உள்ளங்கால் மரு இருந்த 240 பேரை வைத்துப் பார்த்து 2011-இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரி முறையில் உறைய வைத்தார்கள். மீதிப் பேர் 50% சாலிசிலிக் அமிலத்தை வீட்டிலேயே தினமும் போட்டார்கள். 12 வாரம் கழித்து இரண்டு பக்கமும் 14% பேருக்குத்தான் முழுசாகப் போயிருந்தது. ஸ்பிரேக்குக் கொட்டுகிற காசுக்கு நல்ல செருப்பு ஒன்று வாங்கி, குளத்தங்கரையில் போட்டுக்கொண்டு நட. தண்ணீருக்குள் இறங்கும்போது மருவின் மேல் வாட்டர்ப்ரூஃப் பிளாஸ்டர்.

மூன்று மாசம் ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஒன்றுமே செய்யாவிட்டாலும் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் தானாக மறைந்துவிடும், பெரியவர்களுக்கு இன்னும் இழுக்கும். உன் கை மருவுக்கு மாரியம்மன் கோயிலில் உன் ஆத்தா உப்பும் மிளகும் போட்டாளே, அது பலித்த கதை இதுதான் என்று நினைக்கிறேன். அவளிடம் நான் அதைச் சொன்னதில்லை.

இன்னொன்று. உன் பெரிய அத்தைக்கு இடது காலில் சுண்டு விரல் கிடையாது. கல் தடுக்கியது என்று சின்ன வயதில் உன்னிடம் சொல்லி வைத்தோம். அது உண்மையில்லை. ஒரு சாயங்காலம் அவள் கடைக்கு வந்து, கால் ஆணிக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் ஒன்று கொடுடா என்றாள். அதில் 40% சாலிசிலிக் அமிலம். அவளுக்குச் சர்க்கரை என்று எனக்குத் தெரியும். சர்க்கரைக்காரர்கள் போடக்கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தது. வேறு யாராவது வந்திருந்தால் கேட்டிருப்பேன். கூடப் பிறந்தவளிடம் என்ன கேட்பது என்று எடுத்து நீட்டிவிட்டேன், காசுகூட வாங்கவில்லை. உணர்ச்சி குறைந்த கால், எரிந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. நாலு நாள் கழித்து உரித்தபோது கீழே குழி விழுந்திருந்தது. கோயமுத்தூருக்கும் கோபிக்கும் ஆறு மாசம் அலைந்தும் விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

உனக்குச் சர்க்கரை இல்லை. ஆனால் உன் ரூமில் இருக்கிற அந்தக் கேரளத்துப் பெண் இன்சுலின் போடுகிறாள் என்றாயே. அவள் காலில் ஏதாவது வந்து, உன் பாட்டிலைக் கேட்டால் கொடுக்காதே. கையோடு டாக்டரிடம் கூட்டிப் போ.

நேற்று அத்தை வீட்டுக்கு வந்திருந்தாள். உன் கால் போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எந்த மருந்தை வேணும்னாலும் போடச் சொல்லு, உங்கொப்பன் குடுத்தா மட்டும் அட்டையைப் படிச்சுப் பாருன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

அப்பா