எனக்கு யாரும் ஹேர்கட் செய்யவில்லை, மொட்டை அடித்தார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் நொடித்துப்போன கம்பெனிகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ‘சிறு சப்ளையர்களும் பெருந்தன்மையோடு ஹேர்கட்டை ஏற்றுக்கொண்டால்தான் தொழில் பிழைக்கும்’ என்று ஒரு வரி. வரவேண்டிய பாக்கியில் ஒரு பகுதியைக் கைகழுவுவதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் ஹேர்கட். பெருந்தன்மை! கட்டுரையாளரின் சம்பளத்தில் நூற்றுக்கு 98 ரூபாயைப் பிடித்துக்கொண்டு கொடுத்துப் பாருங்களேன்.

செல்லூரில் எனக்கு முடிவெட்டும் தம்பிகூட கத்திரியை எடுக்கும் முன் “அண்ணே, எவ்வளவு எடுக்க?” என்று கேட்பார்.

நான் அட்டைப்பெட்டி போடுகிறவன். திருமங்கலம் பக்கம் ஒரு நூற்பாலைக்கு, நூல் கோன் அடுக்கும் பெட்டி பதினோரு வருஷம் கொடுத்தேன். மில் திவாலானபோது எனக்கு நிலுவை 6,42,000 ரூபாய். நானாகத் திவால் மனுப் போட முடியாது. 2020 மார்ச்சில் அதற்குக் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய பாக்கியை 1 லட்சத்திலிருந்து 1 கோடியாக்கிவிட்டார்கள். வேறு யாரோ போட்ட மனுவில் ஒட்டிக்கொண்டு, எனக்கு வரவேண்டியதைக் கேட்டு க்ளெய்ம் கொடுத்தேன். யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் கடன் கொடுத்தோர் குழுவில் ஓட்டுப் போடும் உரிமை வங்கிகளுக்குத்தான். கடைசியில் ஒரு சாயங்காலம் டீக்கடையில் நிற்கும்போது போன் சிணுங்கியது: 11,556 ரூபாய் வரவு. யாரோ பழைய பாக்கியைத் தீர்க்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மில் பாக்கிக்கு வந்த மொத்தப் பணமே அதுதானாம்.

அந்த பில்களுக்கு ஜிஎஸ்டி மட்டும் 68,000-க்கு மேல் அப்போதே கட்டியிருந்தேன். பணமே வரவில்லை, வரியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க வழி கிடையாதாம். ஆடிட்டர் சிரித்தார்.

சரி, இன்னொன்று. குழுவில் இருந்த வங்கி ஒன்றில்தான் ஆட்களுக்குக் கூலி கொடுக்க என் மனைவியின் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்திருந்தேன். வட்டி பிந்தியது, ஏல நோட்டீஸ் வந்துவிட்டது. “எனக்கும் கொஞ்சம் ஹேர்கட் போடுங்க சார்” என்று கேட்க அப்போது எனக்கு அந்த வார்த்தை தெரியாது.

டிவி விற்ற வீடியோகான் கம்பெனியின் திவால் வழக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. 64,838 கோடி பாக்கிக்கு 2,962 கோடி. சரக்குக் கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு நூற்றுக்கு 72 காசு. 2021 ஜூனில் அதற்கு ஒப்புதல் கொடுத்த மும்பைக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயமே இது ஹேர்கட்டா, மொட்டையா என்று உத்தரவில் எழுதியது. (அப்புறம் மேல்முறையீட்டில் அது ரத்தானது வேறு கதை.) பழனியில் மொட்டை போட்டால் சந்தனமாவது பூசி அனுப்புவார்கள்.

என் அப்பா காலத்தில், வாங்கவே இல்லை என்று சாதிக்கிறவனை அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பர் முன் சத்தியம் செய்யக் கூப்பிடுவார்கள். பாதிப் பேர் பஸ் ஏறும் முன்பே பணத்தை எண்ணி வைத்துவிடுவார்களாம். இப்போது பிரமாணப் பத்திரம் போதும்.

நான் கேட்பது சின்ன விஷயம். திவால் அறிவிப்பு ஒரு ஆங்கிலப் பத்திரிகையிலும் ஒரு வட்டார மொழிப் பத்திரிகையிலும் வர வேண்டும், க்ளெய்முக்கு முதல் கெடு இரண்டே வாரம். உங்கள் பத்திரிகையில் அது டெண்டருக்கும் பெயர் மாற்றத்துக்கும் நடுவே தீப்பெட்டி அளவில் கிடக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துத்தான் நான் கண்டுபிடித்தேன். நம் பக்கத்து மில், கம்பெனி அறிவிப்புகளை ஞாயிறுதோறும் ஓரிடத்தில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போட முடியுமா? ராசிபலனுக்கு அரைப்பக்கம் இருக்கிறதே.

இப்படிக்கு,
பெருந்தன்மை இல்லாத ஓர் அட்டைப்பெட்டி வியாபாரி,
செல்லூர், மதுரை - 2.