ஜெனீவாவிலிருந்து அண்ணாவுக்கு

ஜெனீவா, 1864 நவம்பர்

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பெல்கிரேடுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸெமுன் வரை போகும் வியாபாரி ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

நான் நலம். கடிகாரப் பட்டறையில் வேலை. வெளிச்சத்துக்காகப் பட்டறைகளை உச்சி மாடியில்தான் வைத்திருக்கிறார்கள். ஏறி இறங்கியே கால் கடுக்கிறது. ரோன் ஆறு ஏரியைவிட்டுப் புறப்படும் இடத்தில் தண்ணீர் அடிவரை தெரிகிறது. நம் சாவா ஆற்றின் கலங்கலைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது ஆறாகவே படவில்லை.

விளாதிமிர் யொவானொவிச் துரோகி, அவரோடு சேராதே என்று எழுதியிருந்தீர்கள். நம் ஷாபாட்ஸ் ஊர்க்காரர்தானே அண்ணா! பெல்கிரேடு உயர்கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். இங்கே வந்து ‘ஸ்லோபோதா’ என்ற பத்திரிகை நடத்துகிறார். பெயரே சுதந்திரம். ஞாயிற்றுக்கிழமைகளில் இதழ்களை மடித்துக் கட்ட நானும் போகிறேன். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், அது ஒன்றுதான் தொல்லை.

அப்படி என்ன கேட்டுவிட்டார்? மந்திரிகள் நம் செர்பிய மக்கள் சபைக்குப் பதில் சொல்ல வேண்டும், பத்திரிகைக்குத் தணிக்கை கூடாது, அவ்வளவுதான். 1858-இல் அதே சபை ஓர் இளவரசரையே இறக்கியது. இப்போது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கூடி, யோசனை சொல்லிவிட்டுக் கலைய வேண்டுமாம். இத்தாலியப் புரட்சிக்காரர் கரிபால்டியை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்த குற்றத்துக்காக ஜனவரியில் பெல்கிரேடு இலக்கியச் சங்கத்தையே முடக்கினார்கள். பட்டத்துக்கு வந்தபோது, செர்பியாவில் சட்டமே உச்சம் என்று அறிவித்தவர் இதே இளவரசர் மிஹைலோ. அவரைக் கவிழ்க்கத் திட்டமிட்டார்கள் என்ற ஸ்மெதெரெவோ சதி வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்த நீதிபதிகள் இன்று சிறையில். அதில் யெவ்ரெம் குரூயிச்சும் ஒருவர். அவரையும் துரோகி என்பீர்களா?

இந்த ஊரும் சொர்க்கமில்லை. ஆகஸ்ட் 22 அன்று போரில் காயம்பட்டவர்களைக் காப்பாற்ற ஒப்பந்தம் என்று பல நாட்டுத் தூதர்கள் இங்கே கையெழுத்துப் போட்டார்கள். அதே நாள், தேர்தல் தகராறில் தெருவில் துப்பாக்கிச் சூடு! நான் மாடியைவிட்டு இறங்கவில்லை. ஆனால் நான் என்ன படிக்கிறேன், யாரோடு பேசுகிறேன் என்று இதுவரை ஒருவரும் விசாரித்ததில்லை. முதல் மாதம் அது எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

சரி, வீட்டு விஷயம். இங்கே நாட்காட்டி நமக்கு 12 நாள் முந்தி ஓடுகிறது. நம் வீட்டுப் புனிதர் நிக்கொலாவின் நாளை நம் கணக்கில்தான் கொண்டாடுவேன். மெழுகுவத்தி வாங்கிவிட்டேன். படையல் கோதுமையை எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். பத்திரிகை விஷயம் அவருக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் தம்பி