ஜூரோங் தீவு ஆலைகளில் அவசரகால ஒருங்கிணைப்பு ஒப்பந்த ஊழியர்களையும் எட்டக் கோரும் மனு

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பெரும் அபாய நிலையங்களைக் கண்காணிக்கும் பிரிவு,
மனிதவள அமைச்சு, சிங்கப்பூர்.

நகல்: ஆணையர், சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை, தலைமை நிர்வாகி, தேசியச் சுற்றுப்புற வாரியம்.

பொருள்: எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் அபாய ஒலி, ஆள் கணக்கு, அவசரகாலப் பயிற்சி ஆகியவற்றை எல்லா நிலையங்களுக்கும் பொதுவாக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். நான் 22 ஆண்டுகளுக்கு முன்பு சாரம் கட்டும் தொழிலாளியாகத் தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்தேன். இப்போது சிங்கப்பூர் நிரந்தரவாசி; ஒரு குத்தகை நிறுவனத்தில் சாரப் பணி மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தும் காலத்தை நாங்கள் 'ஷட்டவுன்' என்போம். அந்தக் காலங்களில் ஜூரோங் தீவிலும் புக்கோம் தீவிலும் என் குழுவோடு வேலை செய்திருக்கிறேன். என் குழுவில் பெரும்பாலோர் தமிழர்கள். சிலர் பங்களாதேஷைச் சேர்ந்தவர்கள். அவர்கள் சார்பிலும் இந்த மனுவைத் தங்கள் பார்வைக்கு அனுப்புகிறேன்.

முதலில் நன்றி சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. 2017 செப்டம்பர் 1ஆம் தேதி பெரும் அபாய நிலையங்களுக்கான ஒழுங்குமுறை விதிகள் நடப்புக்கு வந்ததிலிருந்து மனிதவள அமைச்சு, குடிமைத் தற்காப்புப் படை, தேசியச் சுற்றுப்புற வாரியம் ஆகிய மூன்றும் ஒரே மேசையில் அமர்ந்து இந்த ஆலைகளைக் கவனிக்கின்றன. இடரை நியாயமாக இயன்ற அளவுக்குக் குறைத்திருக்கிறோம் என்பதை ஆலையே ஆதாரத்துடன் மெய்ப்பிக்க வேண்டும் என்ற கடமையும் அன்று முதல் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் இங்கே வேலை பார்த்தவன் என்ற முறையில், வேலை தொடங்குமுன் தரும் எழுத்து அனுமதியான பெர்மிட்டைக் கொடுப்பதிலும் வாயு அளவைச் சோதிப்பதிலும் கண்டிப்பு கூடியிருப்பதை நான் அறிவேன். என் கோரிக்கை அந்த ஏற்பாட்டைக் குறை சொல்வதற்கு அன்று. அமைப்புகளுக்கிடையே உருவான அந்த ஒருங்கிணைப்பு, சாரத்தின் ஆறாவது தட்டில் நிற்கும் ஒப்பந்த ஊழியர் வரை இறங்கி வரவில்லை என்பதே நான் சொல்ல வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறேன். ஆலையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அதே நிலைமை வேறு பல இடங்களிலும் இருந்ததைக் கண்டிருக்கிறேன். ஷட்டவுன் தொடங்கி மூன்றாம் வாரம், மதிய உணவுக்குப் பின் சற்று நேரத்தில் சைரன் ஏறி இறங்கி ஒலித்தது. என் குழுவில் 14 பேர். ஒரு கோபுரத்தைச் சுற்றி வெவ்வேறு தட்டுகளில் நின்றிருந்தார்கள். பாதிப் பேர் கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஏணியை நோக்கி நகர்ந்தார்கள். மற்றவர்கள் அசையவில்லை. "அண்ணே, இது டெஸ்ட்டா, நெசமா?" என்று ஒரு தம்பி மேலிருந்து கத்திக் கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. முந்தைய வாரம் வரை அவர் வேலை பார்த்த ஆலையில் ஏறி இறங்கும் ஒலி தீயைக் குறித்தது. விட்டுவிட்டு ஒலித்தால் வாயுக் கசிவு. இந்த ஆலையில் அது தலைகீழ். நுழைவு நாளன்று ஆங்கிலத்தில் ஓடிய காணொளியில் இதைச் சொல்லியிருந்தார்கள். அதன் பின் வைத்த தேர்வில் அவரும் தேறியிருந்தார், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து.

எல்லாரும் இறங்கியபின் பழக்கத்தால் பச்சைப் பலகை இருந்த ஒன்றுகூடும் இடத்தை நோக்கி நடந்தார்கள். காற்றின் திசையைக் காட்டக் கம்பத்தில் கட்டிய காற்றுப்பை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று நான் நிமிர்ந்து பார்த்தபோதுதான், கசிவு நடந்த பகுதியிலிருந்து வரும் காற்று நேராக அந்த இடத்துக்கே வீசுவது தெரிந்தது. கத்தி அழைத்து, காற்றுக்குக் குறுக்காக நடத்தி, வேறு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம். அங்கே ஹெட் கவுண்ட் எடுத்தால் 13 பேர். பதினான்காவது ஆளை அன்று காலை பத்து மணிக்கு ஆள் போதவில்லை என்று லாரியில் ஏற்றிப் பக்கத்து ஆலைக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தத் தகவல் இன்னொரு மேற்பார்வையாளரின் கைப்பேசியில் இருந்தது. வாசலில் இருந்த பட்டியலில் இல்லை. அவர் அங்கே நலமாக உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிய நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும், காணாமல்போன ஒருவரைத் தேடி மூச்சுக் கருவி அணிந்த இரண்டு பேர் உள்ளே போகத் தயாராக நின்றார்கள். கசிவு சிறியது, யாருக்கும் காயமில்லை. பெரியதாக இருந்திருந்தால், இல்லாத ஆளைத் தேடி அந்த இருவரும் உயிரைப் பணயம் வைத்திருப்பார்கள்.

இந்த ஆலைகளில் எங்களுக்கு மிகவும் அச்சம் தருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. முதலில் அழுகிய முட்டை நாற்றமாக வரும்; அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் போய்விட்டது, ஆபத்து நீங்கிவிட்டது என்று ஒருவர் எண்ணுகிற அந்தக் கணத்தில் அவரைக் காப்பாற்றக்கூடியவை சைரனின் பொருளும் காற்றின் திசையும் மட்டுமே. அவை அவருக்குத் தம் மொழியில், ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும்.

1988 அக்டோபரில் மெர்லிமாவ் தீவின் எண்ணெய்த் தொட்டிகள் ஐந்து நாள் எரிந்தபோது மெர்லிமாவ் தனித் தீவாக இருந்தது. பின்னர் அதுவும் அண்டைத் தீவுகளும் மண்ணிட்டு இணைக்கப்பட்டு ஜூரோங் தீவாயின. அன்று கடல் பிரித்து வைத்திருந்த ஆலைகளை இன்று ஒரு வேலியும் ஒரு சாலையும் பிரிக்கின்றன. ஒரு வளாகத்தின் சைரன் அடுத்த வளாகத்தில் நிற்பவர் காதிலும் விழுகிறது. 2011 செப்டம்பர் 28 அன்று புக்கோமில் பிடித்த தீயை அணைக்க 32 மணி நேரம் ஆனதைத் தாங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அத்தனை நேரம் நீடிக்கும் ஒரு நிகழ்வில் வேலை நேரம் மாறும், லாரிகள் வரும் போகும், விடுதிகளில் வதந்தி பரவும். எங்கள் மக்கள் ஊரிலிருந்து அழைக்கும் குடும்பத்தாருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நிற்பார்கள்.

வெளிநாட்டில் நடந்த இரண்டையும் தங்கள் நினைவுக்குக் கொண்டுவருகிறேன். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு ஏற்பட்டு 15 பேர் இறந்தார்கள். பதினைவருமே ஒப்பந்த ஊழியர்கள். பக்கத்துப் பிரிவின் பராமரிப்பு வேலைக்காக வந்து, தற்காலிகக் கூடங்களிலும் அவற்றின் அருகிலும் இருந்தவர்கள் அவர்கள். அபாயம் மிகுந்த ஒரு கோபுரத்தை அன்று மீண்டும் இயக்கத் தொடங்கியபோது அவர்களை அங்கிருந்து அகற்றியிருக்கவில்லை. 2012 ஆகஸ்ட் 6 அன்று கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில், கந்தகத்தால் அரிக்கப்பட்டு மெலிந்த ஒரு குழாய் பிளந்து தீப்பற்றியது. சுற்றுவட்டார மக்களில் சுமார் 15,000 பேர் மருத்துவ உதவி நாடினார்கள். அதன் பிறகு அந்த மாநில அரசு பல துறைகளையும் ஒரே குழுவாகக் கூட்டி ஆராய்ந்தது. 2014இல் அறிக்கை வெளிவந்தது. 2017இல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆபத்தைக் கண்டால் வேலையை நிறுத்தச் சொல்வதற்கும், பெயர் சொல்லாமல் புகார் தருவதற்குமான வழிமுறைகளை ஆலைகள் வகுக்க வேண்டும் என்று அவ்விதிகள் கூறுகின்றன. துறைகள் ஒன்றுகூடியபோது ஊழியரையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்பதே எனக்கு அதில் முக்கியமாகப்படுகிறது.

ஆகவே, தங்களிடம் பணிவுடன் கேட்டுக்கொள்வது இது. ஜூரோங் தீவிலும் புக்கோமிலும் உள்ள எல்லா ஆலைகளுக்கும் அபாய ஒலிகளின் பொருளைப் பொதுவாக்கும்படி மூன்று அமைப்புகளும் சேர்ந்து ஆணையிட வேண்டும். தீ எந்த ஒலி, வாயு எந்த ஒலி, ஆபத்து நீங்கியது எந்த ஒலி என்று தமிழ், வங்காளம், சீனம், மலாய், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அச்சிட்ட ஒரு சிறு அட்டையை நுழைவுச் சீட்டின் பின்புறம் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பொது எச்சரிக்கை ஒலியை ஆண்டுதோறும் பிப்ரவரி 15ஆம் தேதியும் செப்டம்பர் 15ஆம் தேதியும் நாடு முழுவதும் ஒலித்துப் பழக்குகிறீர்கள். அடுக்குமாடி வீட்டுப் பாட்டிக்கும் அது தெரியும். ஆலை வேலிக்குள் மட்டும் இடத்துக்கு இடம் மாறும் ஒலி ஏன் என்பதற்கு இத்தனை ஆண்டுகளில் எனக்கு யாரும் விளக்கம் தந்ததில்லை.

ஆள் கணக்கைக் காகிதத்திலிருந்தும் மேற்பார்வையாளரின் கைப்பேசியிலிருந்தும் விடுவிக்க வேண்டும். ஒவ்வோர் ஊழியரும் வாசலில் அட்டையைத் தட்டித்தான் உள்ளே போகிறார். ஒரே நாளில் ஒருவர் இரண்டு ஆலைகளுக்குப் போனாலும், அவர் இப்போது எந்த வேலிக்குள் இருக்கிறார் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் வாகனம் வாசலுக்கு வருமுன் தெரிய வேண்டும். நிறுவனங்கள் தங்களுக்குள் இதைப் பகிர்ந்துகொள்ளத் தயங்கும் என்பதால்தான், மூன்று அமைப்புகளின் அதிகாரமும் சேர்ந்த தங்கள் அலுவலகத்தை நாடுகிறேன்.

அவசரகாலப் பயிற்சிகளைப் பொறுத்தவரை, நான் கண்டவை பெரும்பாலும் ஷட்டவுன் இல்லாத அமைதியான நாளில், நிரந்தர ஊழியர்களைக் கொண்டு, முன்கூட்டியே அறிவித்து நடந்தவை. ஆள்கூட்டம் மிகுந்து, பாதிப் பேர் புதியவர்களாக இருக்கும் ஷட்டவுன் காலத்தில், இரவு வேலையின்போது, அறிவிக்காமல் ஒருமுறை நடத்திப் பார்க்குமாறு வேண்டுகிறேன். பக்கத்து ஆலையின் ஒப்பந்த ஊழியர்களையும் அதில் சேர்க்க வேண்டும். அதன் முடிவை, இடரைக் குறைத்ததற்கு ஆதாரமாக அந்த ஆலை அளிக்கும் பாதுகாப்பு ஆவணத்தின் ஒரு பகுதியாகவே மதிப்பிட வேண்டும்.

நிகழ்வு நடந்தால் விடுதிகளுக்கும் அதே நேரத்தில் தமிழிலும் வங்காளத்திலும் செய்தி போக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

தாங்கள் அழைத்தால் என் குழுவில் இருவருடன் நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறேன். நாங்கள் வேலை பார்த்த நிலையங்களில் எந்தெந்த ஒலிக்கு என்னென்ன பொருள் இருந்தது என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்த பட்டியலையும் அப்போது கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சாரப் பணி மேற்பார்வையாளர்,
ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்.