உள்ளே என்ன இருக்கிறது

அம்பாசமுத்திரம்,
ஆடி, புதன்கிழமை

அன்பு மகனுக்கு,

நீ சுட்டு அனுப்பிய பிஸ்கட் பெட்டி நேற்று சாயங்காலம் வந்தது. அப்பா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாதா பிஸ்கட்டு, இதுக்கா இம்புட்டு பார்சல்" என்றார். கடித்ததும் பேச்சே இல்லை. உள்ளே கருப்பட்டியும் தேங்காயும். மேலவீட்டு மதினிக்கு வந்ததில் நம்ம ஊர் அல்வா. எனக்கு சாக்லேட். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கிறது. மதினி தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

பெட்டிக்கு அடியில் 350 ரூபாய் என்று சீட்டு ஒட்டியிருந்தது. அப்பா பார்ப்பதற்குள் கிழித்து எடுத்துவிட்டேன்.

ஆபீஸ் எப்படி என்று கேட்டால் "போகுதும்மா" என்பாய். மூன்று வாரமாக அந்த போனும் இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

எட்டில் ரெண்டு வெடித்திருந்தன. விலை போகாமல் மீந்ததைத்தான் எங்களுக்கு அனுப்பினாயோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ரெண்டுமே கருப்பட்டி வைத்தவை. பாகு கொதித்து, மாவை மூடிய இடத்தில் பொத்துக்கொண்டு வந்து, ஓரத்தில் கருகிக் கிடந்தது. பூரணம் இளக்கமாக இருந்தால் ஆவியில் வேகிற கொழுக்கட்டையே பிளக்கும். ஓவன் சூட்டுக்குக் கேட்கவா வேண்டும்? தேங்காய் சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கிண்டு. மூடின வாய் தட்டில் படும்படி கவிழ்த்து வை. அல்வா வைத்ததன் அடி நெய்ப் பிசுக்காக இருந்தது. சாக்லேட்டை ஃப்ரீசரில் கல்லு மாதிரி ஆக்கி, மாவில் பொதிந்து, 180 டிகிரியில் 12 நிமிஷம் என்று முன்னே சொன்னாயே, அல்வாவையும் அப்படியே உறைய வைத்துப் பார். நெய் இளகுவதற்குள் மேல்மாவு வெந்து பிடித்துக்கொள்ளும். ஆனாலும் பூரணம் கெட்டியாக இருக்கணும், அதுதான் முக்கியம்.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அசல் உடன்குடிச் சரக்கையே போட்டு, பெட்டியில் அந்தப் பேரையும் எழுது. வாங்குகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை வரும். சீனி கலந்ததை வாங்கி ஏமாறாதே. நானே வாங்கி அனுப்புகிறேன்.

சித்தி மகளுக்கு ஆவணியில் நிச்சயம். அதை அப்புறம் எழுதுகிறேன்.

நேற்று ஆடிச் செவ்வாய். தப்பினா தை, மறந்தா மாசி, அசந்தா ஆடி என்று ஆச்சி சொல்வாளே, பொம்பிளைகள் மட்டும் இருக்கிற அந்த ஒளவையார் நோன்பு. அப்பா மாடிக்குப் படுக்கப் போன பிறகு நோன்புக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்தோம். உனக்கு ஒன்பது வயசில் அடுப்படி ஜன்னலில் ஏறி எட்டிப் பார்த்தாய். ஆம்பிளைப் பிள்ளை கண்ணில் பட்டுவிட்டதே என்று ஆச்சி தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்குப் பயந்து, அகப்பைக் காம்பால் உன் முழங்காலில் அடித்தேன். காம்பு ஒடிந்துபோச்சு. நீ அழக்கூட இல்லை. "உள்ள என்னம்மா வச்சிருக்க?" என்றுதான் கேட்டாய். அதற்கும் ஒரு அடி. அப்புறம் நீ அடுப்படிப் பக்கம் வரவே இல்லை. பிளஸ் டூ முடித்துச் சமையல் படிக்கிறேன் என்று நீ கேட்டபோது அப்பா முடியாது என்றார். அன்றைக்கும் நான் பேசாமல்தான் நின்றேன். நான் செய்தது தப்பு எய்யா. ரெண்டுமே தப்பு.

நேற்று ராத்திரி பிசைந்துகொண்டிருந்தபோது உன் பெட்டி பக்கத்தில் இருந்தது. கை ஓடவில்லை.

ஆம்பிளைகளிடம் சொல்லக்கூடாது. உன்னிடம் சொல்கிறேன். உள்ளே ஒன்றுமே வைப்பதில்லை. பச்சரிசி மாவும் தேங்காயும்தான். உப்புகூடக் கிடையாது.

கருப்பட்டி ரெண்டு கிலோ இந்த வாரமே அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவேன், அப்பா அப்போது ஆற்றுக்குக் குளிக்கப் போயிருப்பார். போனை எடு.

அம்மா