42 பக்கத்தையும் பார்த்துவிட்டேன்

பட்டர்வொர்த்
டிசம்பர் 8

அன்பு மகள் கவிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீ அனுப்பிய பெற்றோர் வகுப்புக் கையேடு வந்தது. 42 பக்கத்தையும் பார்த்துவிட்டேன். "தமிழ் சரியா இருக்கான்னு பாருங்கம்மா" என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அதற்கு மேலேயும் ஒன்றுமில்லை, கீழேயும் ஒன்றுமில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்குச் சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை 7.2. முன்னட்டையில் உன் பெயர் இருப்பதை இதுவரை நான்கு பேரிடம் காட்டிவிட்டார். நீ எடுத்துப் போக மறந்த முறுக்கு டின் இன்னும் இங்கேதான் இருக்கிறது. வேறு செய்தி இல்லை.

17ஆம் பக்கத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

தமிழ் சரியாகத்தான் இருக்கிறது. முதல் குறையே அதுதான். 6ஆம் பக்கத்தில் "உணர்வுசார் சுய ஒழுங்குமுறை" என்று போட்டிருக்கிறாய். கோலாலம்பூரில் உங்கள் செந்தூல் அடுக்குமாடியில் யாரம்மா இப்படிப் பேசுகிறார்கள்? "அழுத பிள்ளை தானா சமாதானமாகிறது" என்று எழுது. மொழிபெயர்த்தவரிடமே சரிபார்க்கக் கொடுக்காதே. மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுத்து மலாயில் திருப்பிச் சொல்லச் சொல். எங்கே விலகுகிறதோ அங்கேதான் கோளாறு. பிறகு ஐந்து தாய்மாரிடம் வாசித்துக் காட்டு. "புரிஞ்சுதா?" என்று கேட்காதே, எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். "இதை உங்க மாமியார்கிட்ட எப்படிச் சொல்வீங்க?" என்று கேள். ஐந்தில் இரண்டு பேர் தடுமாறினால் அந்த வரியை மாற்று. முதலில் கேள், பிறகு சொல். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், சலித்துக்கொள்ளாதே.

தமிழில் அச்சடித்துவிட்டதாலேயே நம்மவர்களைச் சேர்த்துக்கொண்டதாக ஆகிவிடாது. தேசியப் பள்ளியில் படித்த தாய் தமிழ் பேசுவாள், படிக்க வராது. அவளுடைய அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், மலாய்த் தாளை மடித்து அரிசி டின் மேல் வைத்துவிடுவாள். பகலெல்லாம் பிள்ளை இருப்பது அந்தப் பாட்டியிடம். ஆகவே பாடத்துக்கு ஒன்றாக, ஒன்றரை நிமிடத்துக்கு மிகாமல், குரல் பதிவு செய்து வாட்சாப்பில் அனுப்பு. சீனப் பாட்டிகளுக்கும் இதே கதைதான். மாண்டரின் தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டு முடிந்தது என்கிறோம். இந்தப் பக்கத்துப் பாட்டிகள் ஹொக்கியன் பேசுகிறார்கள், உங்கள் பக்கத்தில் கான்டனீஸ். மொழிபெயர்க்க அந்த வீட்டுப் பெரிய பிள்ளையை உட்கார வைக்காதே. பத்து வயசுப் பிள்ளை தன் அம்மாவின் தப்பை அம்மாவுக்கே மொழிபெயர்த்துச் சொல்லும்படி ஆகிவிடும்.

பதிவுப் பாரத்தில் முதல் கட்டமே மைகிட் எண், பிள்ளையின் அடையாள அட்டை எண். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையின் தாய் அதைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவாள். வகுப்புக்கு அந்த எண் எதற்கு? எடுத்துவிடு. "பாங்சா" என்ற இனக் கட்டத்தில் மலாய், சீனர், இந்தியர், லாயின்-லாயின் (மற்றவர்) என்று நான்கு பெட்டி வைத்திருக்கிறாய். அம்மா சீனர், அப்பா தமிழர் என்றால் அந்தப் பிள்ளை லாயின்-லாயினா? ஒரு கோடு போட்டு அவர்களையே எழுதவிடு, அதுவும் பாரத்தின் அடியில். ஆனால் கேள்வியையே நீக்கிவிடாதே. 20 பேர் சேர்ந்து 13 பேர் முடித்தார்கள் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். நின்றுபோன ஏழு பேரில் ஆறு பேர் ஒரே இனம் என்றால் குறை அவர்களிடம் இல்லை, வகுப்பில் இருக்கிறது. இன்ன வாரத்தில் இன்னார் நின்றார் என்று குறித்து வைக்காவிட்டால் அது உன் கண்ணில் படவே படாது.

நீ அமெரிக்காவின் மினசோட்டாவில் படித்துவிட்டு வந்த முறை நல்ல முறைதான், ஒத்துக்கொள்கிறேன். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து வருவது, கொஞ்ச நேரம் சேர்ந்து ஆடுவது, பிறகு பிள்ளைகள் ஓர் அறையிலும் பெற்றோர் மற்றோர் அறையிலுமாகப் பிரிவது. அங்கே 1974-இல் தொடங்கி இன்னும் நடக்கிறது என்றால் சும்மா இல்லை. ஆனால் அங்கே வருமானத்துக்கு ஏற்றபடிதான் கட்டணம், கட்ட முடியாதவரிடம் வாங்குவதே இல்லை என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அந்தப் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாயா? கட்டணம் 30 வெள்ளி என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாய். சனிக்கிழமை காலை 10 மணி என்றும் போட்டிருக்கிறாய். சிஃப்ட் வேலைக்காரர்களும் காவலாளிகளும் எப்படி வருவார்கள்? ஒரே பாடத்தை வாரத்தில் இரண்டு முறை நடத்து: ஒரு நாள் இரவு 8 மணிக்கு, இன்னொன்று ஞாயிறு பிற்பகல். அதைத் தவறவிட்டவர் இதில் வரட்டும்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எத்தனை பேர் என்று நீ எழுதவே இல்லை. 1984ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டக் கணக்கையே வைத்துக்கொள். ஒரு வயதுக்குள் மூன்று பிள்ளைக்கு ஒருவர், மூன்று வயதுவரை ஐந்துக்கு ஒருவர், நான்கு வரை பத்துக்கு ஒருவர். நான்கு கைக்குழந்தையும் ஒன்பது தத்துநடைப் பிள்ளைகளும் வந்தால் நான்கு பேர் வேண்டும். அந்த நால்வரில் ஒருவராவது தமிழில் பேசித் தேற்றத் தெரிந்தவராக இருக்கட்டும். அழுகிற பிள்ளையின் மொழி தெரியாதவரிடம் விட்டுவிட்டு எந்தத் தாய் அடுத்த அறையில் உன் பாடத்தைக் கேட்பாள்? சாப்பாடு ஹலால் என்றால் போதும் என்று நினைக்காதே. மாட்டிறைச்சி வேண்டாம், சைவம் தனிக் கரண்டியோடு இருக்கட்டும். வெள்ளிக்கிழமை கோழி பிரியாணி போட்டுவிட்டு நம்மவர்கள் சாப்பிடாமல் போகிறார்களே என்று கேட்காதே.

9ஆம் பக்கத்தைப் பெரிதாக்கு. "பகிர்ந்த கவனம்" என்று தலைப்பிட்டு, படப்புத்தகத்தோடு தினமும் 15 நிமிடம் என்கிறாய். புத்தகம் இல்லாத வீட்டில் அந்தப் பக்கம் ஒரு குற்றப்பத்திரிகை. அந்தப் பாட்டி என்ன செய்கிறாள் என்று போய்ப் பார். பருப்புச் சோற்றைக் குழையப் பிசைந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஐந்தாம் மாடி நடைபாதையில் நிற்கிறாள். "அங்க பாரு, காக்கா!" பிள்ளை காக்காயைப் பார்க்கிறது, திரும்பிப் பாட்டி முகத்தைப் பார்க்கிறது, மறுபடி காக்காயைப் பார்க்கிறது. "கா" என்கிறது. "ஆமா, காக்கா. பறந்து போச்சா?" அதற்குள் ஒரு வாய் உள்ளே போய்விடுகிறது. விரல், பார்வை, சொல், மறுசொல் என்று நீ பிரித்துப் பிரித்து எழுதியது எல்லாம் அந்த ஒரு கவளத்தில் இருக்கிறது. 18 மாதத்தில் கிளினிக்கில் கேட்கும் எம்-சாட் என்ற ஆட்டிசக் கேள்வித்தாளில், பிள்ளை விரல் நீட்டிக் காட்டுகிறதா, நீங்கள் காட்டும் பக்கம் பார்க்கிறதா என்ற கேள்விகள் தேடுவதும் இதைத்தான். அந்தக் கேள்விகளை மலாயில் வேகமாக வாசித்தால் "யா, யா" என்றுதான் பதில் வரும். காக்காயைச் சொல்லிக் கேட்டால் உண்மை வரும்.

காக்காயின் இடத்தில் கைப்பேசி வந்ததில்தான் கெட்டது. வாய் திறக்கிறது, கண் திரையில் நிற்கிறது, திரும்பிப் பார்க்க ஒரு முகம் இல்லை. ஆகவே "உங்க வீட்டுல எப்படிச் சோறூட்டுவீங்க?" என்று பாடத்தைத் தொடங்கு. அவர்கள் சொல்லி முடிக்கட்டும். கைப்பேசியைக் கீழே வைத்து, காக்காயைத் திரும்பக் கொண்டுவா. புத்தகம் அதற்குப் பிறகு. அதே போல, கரண்டி பிடிக்கிறதா என்று மட்டும் கேட்டுக் குறி போடாதே, கையால் அள்ளி வாயில் வைக்கிறதா என்றும் கேள்.

12ஆம் பக்கத்தில் "பள்ளிக்குத் தயாராக வீட்டில் மலாய் அல்லது ஆங்கிலம் பேசுங்கள்" என்று இருக்கிறதே, அதை அடித்துவிடு. இரண்டு மொழி காதில் விழுவதால் பேச்சு தாமதமாவதில்லை. சொல் எண்ணும்போது இரண்டு மொழியையும் கூட்டி எண்ண வேண்டும். "பால்" என்றும் மலாயில் "சூசு" என்றும் சொல்லும் பிள்ளைக்கு அது இரண்டு சொல். தமிழை நிறுத்தச் சொன்னால் தாய் மலாய்க்கு மாறுவதில்லை, பேச்சையே குறைத்துக்கொள்கிறாள்.

படங்கள். புத்தகம் படிக்கும் அம்மா, தோட்டத்தில் செடி நடும் அப்பா, எல்லாரும் வெளுப்பு. 24ஆம் பக்கத்தில் ரோத்தான் பிரம்போடு நிற்கிற அப்பா மட்டும் ஏன் கறுப்பு? வரைந்தவர் நினைத்துச் செய்யவில்லைதான். நினைக்காமல் செய்ததால்தான் பிள்ளைக்குப் பதிகிறது.

தோல் நோய்ப் பக்கத்துக்கும் அதே குறை. கரப்பான் என்றால் சிவப்பாக இருக்கும் என்று எழுதி, வெளிறிய கன்னத்தின் படம் போட்டிருக்கிறாய். நம் பிள்ளைகளுக்கு அது சாம்பல் கலந்த கறுப்பாக, சொரசொரப்பாக வரும். முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்தால் கண்ணைவிடக் கைக்கு முதலில் தெரியும். மஞ்சள் காமாலையும் அப்படியே. கறுத்த தோலில், அதுவும் மஞ்சள் பூசிக் குளித்த தாயின் மடியில் கிடக்கும் பிள்ளையில், நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பகல் வெளிச்சத்தில் கண்வெள்ளையும் ஈறும் பார்க்க வேண்டும். சந்தேகமென்றால் ரத்தம் எடுத்தே பார்க்க வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் மஞ்சள் தெரிந்தால் காத்திருக்கவே கூடாது. இடுப்புக்குக் கீழே நீலச்சாம்பலாக இருக்கும் பிறவி மச்சத்தையும் சேர். நம் ஆசியப் பிள்ளைகளுக்குச் சாதாரணம். பராமரிப்பு மையத்தில் யாராவது அடித்த காயம் என்று நினைத்துவிட்டால் அந்தக் குடும்பம் படும் பாடு பெரிது. அடிபட்ட காயம் நாளுக்கு நாள் நிறம் மாறும், தொட்டால் வலிக்கும். இது மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். பிறந்தவுடன் பிள்ளையின் பதிவுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்.

பொம்மைச் சோதனையைச் சேர்த்திருக்கிறாய். 1940களில் அமெரிக்காவில் கிளார்க் தம்பதி நிறம் மட்டும் வேறாக இருந்த பொம்மைகளைக் கொடுத்து, நல்ல பொம்மை எது என்று கேட்டது, கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளைப் பள்ளியில் பிரிக்கக் கூடாது என்ற 1954 தீர்ப்பில் அது எடுத்தாளப்பட்டது எல்லாம் சரி. ஆனால் இங்கே பொம்மை வேண்டாம், ஒரு கிரேயான் பெட்டி போதும். "தோல் நிறம்" எடு என்றால் எந்தப் பிள்ளையும் அந்த வெளிர் ஆரஞ்சைத்தான் எடுக்கும். அங்கே ஒரு கம்பெனி 1962-லேயே அந்தக் குச்சியின் பெயரை "பீச்" என்று மாற்றிவிட்டது. நம் வாய் இன்னும் மாறவில்லை. வகுப்பில் பழுப்பு, கறுப்பு, மஞ்சள், வெள்ளை நான்கையும் வைத்து, அவரவர் கையின்மேல் தேய்த்துப் பார்த்து நிறம் கலக்கச் சொல்.

2016-இல் யேல் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையையும் எழுதியிருக்கிறாய். சேட்டை வரும், கவனியுங்கள் என்று சொல்லி ஆசிரியர்களுக்கு வீடியோ காட்டினார்கள். சேட்டையே இல்லாத வீடியோ. கண்கள் அதிகம் போய் நின்றது கறுப்பினப் பையன்மேல். பார்த்தவர்களில் கறுப்பின ஆசிரியர்களும் இருந்தார்கள். இந்த இடத்தில் கையேட்டை மூடி வைத்துவிட்டேன். கிளினிக்கில் "தீடாக் பெரி கெர்ஜாசாமா" என்று எத்தனை தாய்மார் அட்டையில் எழுதியிருக்கிறேன் தெரியுமா? ஒத்துழைக்கவில்லை என்று. அதில் நம்ம சனம்தான் அதிகம். மற்ற நர்ஸ் மிஸ்ஸிகள் முன்னால் மானத்தை வாங்குகிறார்களே என்ற கோபம். எந்த பஸ்ஸில் வந்தாய் என்று ஒருத்தியைக்கூட நான் கேட்டதில்லை.

17ஆம் பக்கம். "பெரியவர்கள் சொல்லும் சொற்கள்" என்ற கட்டத்தில் இருக்கும் வாக்கியத்தில் எழுத்துப் பிழை இல்லை. "வெயில்ல ஆடாதடா, கறுத்துட்டா ஒருத்தனும் பொண்ணு தரமாட்டான்." தீபாவளியன்று நான் சொன்னது சொல் மாறாமல் இருக்கிறது. என் பேரன் ஆதிக்கு மூன்று வயது. சொன்னதும் நிழலுக்கு வந்துவிட்டான். சொல் கேட்கிற பிள்ளை என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், உன் முகத்தைப் பார்க்கவில்லை. கடலை மாவும் பாலேடும் வைத்து உன்னை நான் தேய்த்த தேய்ப்பு உனக்கு மறந்திருக்காது. கறுப்பு என்று நான் வாய்விட்டுச் சொன்னதில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கை சொல்லியிருக்கிறது.

அந்தக் கட்டம் அரைகுறையாக இருக்கிறது, கவி. "தவிர்க்கவும்" என்று மட்டும் போட்டால் பாட்டி வாயை மூடிக்கொள்வாள், அடுத்த வாரம் வகுப்புக்கும் வரமாட்டாள். பதிலுக்கு என்ன சொல்வது என்று கொடு: "வெயில் சுடுது, தொப்பி போட்டுக்கிட்டு ஆடு, தண்ணி குடி." ஏற்கெனவே சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றும் எழுது. சொன்ன வாயே திருத்த வேண்டும், அம்மா திருத்தினால் போதாது. "பாட்டி சொன்னது தப்பு. உன் நிறம் உங்க அப்பா நிறம், எனக்குப் பிடிச்ச நிறம்." அவ்வளவு போதும், நீட்ட வேண்டாம். நேரில் சொல்ல வேண்டும், வெயில் இருக்கும்போது வெளியே கூட்டிப்போய்ச் சொல்ல வேண்டும். தொலைபேசியில் மூன்று வயசுக்கு ஏறாது.

தைப்பூசத்துக்கு ஈடிஎஸ் ரயில் டிக்கெட் இந்த வாரமே எடுத்தால்தான் உண்டு. தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு வர விருப்பமில்லை என்றால் நான் அங்கே வருகிறேன். வாரநாள் காலை ரயிலில் இடம் இருக்கிறது. சென்ட்ரலில் இறங்கிச் செந்தூலுக்கு வர எனக்கு வழி தெரியும். எது என்று ஒரு வரி எழுது.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: 31ஆம் பக்கத்தில் "பராமறிப்பு" என்று இருக்கிறது. "பராமரிப்பு".