கருகிய மரங்களை உடனே வெட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிப்ரவரி பிறந்தால் சேர்வராயன் மலைச்சரிவில் தீ எரிவது சேலத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. கோடை மழை இரண்டு பெய்ததும் சரிவு பச்சை கட்டிவிடும். 'காடு மீண்டுவிட்டது' என்று எல்லோரும் மறந்துவிடுவோம். கிட்டே போய்ப் பார்த்தால் அந்தப் பச்சையில் பெரும்பகுதி புல்லும் உண்ணிச்செடியும்தான். காடு மீண்டதா என்பதற்குச் சாட்சி தரையில் ஊரும் பூச்சிகள்.

சருகுத்தீ வேகமாக ஓடிய இடத்தில் மண் ஆழமாகச் சுடாது. 5 செ.மீ.க்குக் கீழே இருக்கும் எறும்பும் கறையானும் வண்டுப்புழுவும் பெரும்பாலும் தப்பிவிடும். பிள்ளைகள் தீப்பெட்டியில் போட்டு வளர்க்கிற பொன்வண்டுகூடப் புழுவாக இருக்கும்போது மண்ணுக்குள் வேரைத் தின்றுதான் வளர்கிறது. விழுந்த மரம் இரவு முழுக்கக் கனன்ற இடம் மட்டும் வேறு. அங்கே மண் செங்கல் நிறத்துக்கு வெந்துவிடும், கீழேயும் எதுவும் மிஞ்சாது. அடியோடு போவது சருகுக்குள் வாழ்பவையும், இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பும்தான். சருகு மறுபடி சேர்வதற்குள் அடுத்த கோடையிலும் தீ வந்தால் அவற்றுக்கு மீட்சியே இல்லை. இங்குள்ள இலையுதிர் காடு ஒரு தீயைத் தாங்கும்; வருடாவருடம் வருவதைத் தாங்காது.

இந்த நிலையில் கருகிய மரங்களை அகற்றிவிட்டு, பொக்லைனால் குழி எடுத்துக் கன்று நடுவது தப்பிப் பிழைத்தவற்றையும் கிளறிக் கொல்லும் வேலை. வெக்காலி, உசிலை, புரசு போன்றவை மேலே கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கக்கூடியவை. ஒரு மழைக்காலம் பொறுத்தால் எது உயிரோடு இருக்கிறது என்பது தெரிந்துவிடும். உண்மையிலேயே செத்த மரத்தில் பட்டையைத் தூக்கிப் பாருங்கள்: மாவு போன்ற மரத்தூள், வளைந்து வளைந்து போகும் தடம், அதன் முடிவில் வெள்ளைப் புழு. அந்தப் புழுவுக்காக மரங்கொத்தி வரும். அது கொத்திய பொந்தில் பிறகு கொசுத்தேனீயும் குடியேறலாம்.

'செத்த மரத்துப் பூச்சி காபித் தோட்டத்துக்கு வந்துவிடும்' என்று தோட்டக்காரர்கள் பயப்படுவது புரிகிறது. ஆனால் பட்ட மரத்தைத் துளைப்பவற்றில் பெரும்பாலானவை உயிருள்ள காபிச் செடியைத் தொடுவதில்லை. அரபிகா வகைக் காபியைக் கெடுக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டுக்குத் தேவை வெயில் படும் உயிருள்ள தண்டு. தீயில் நிழல் மரம் போனால் அது பெருகும். ஆகவே தோட்டத்துக்குள் நிழலை மீட்பதும், துளை விழுந்த செடிகளை வண்டு பறக்கும் ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் முன்பே வேரோடு பிடுங்கி எரிப்பதும்தான் மருந்து.

காடு மீண்டதா என்று அறிய, கல்லூரி மாணவர்களைக் கொண்டே பூச்சிகளைக் கணக்கெடுக்கலாம். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி கட்டாயம். எரிந்த இடத்தில் ஒன்று, அதே உயரத்தில் அதே திசை பார்த்த எரியாத சரிவில் ஒன்று எனத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் 10 மீட்டருக்கு ஒன்றாக 10 பிளாஸ்டிக் டம்ளர்களை, ஊரும் பூச்சிகள் உள்ளே விழும்படி விளிம்பு மண் மட்டத்தில் இருக்கப் புதைக்க வேண்டும். எரிந்த ஓரத்திலிருந்து 50 மீட்டராவது உள்ளே தள்ளி வையுங்கள். டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு உப்புத் தண்ணீர், இரண்டு சொட்டு சோப்பு. மழை விழாதபடி மூன்று கூழாங்கல் மேல் ஒரு தட்டைக்கல். விளிம்பு மண்ணைவிட இரண்டு மில்லிமீட்டர் தூக்கி நின்றாலே சிறிய எறும்புகள் திரும்பிப் போய்விடும்; சாம்பல் மண் சரிவதால் இது அடிக்கடி நடக்கும். குழி தோண்டிய பரபரப்பிலும் எறும்பு கூடுதலாக விழும் என்பதால் முதல் நாள் மூடி வைத்து, பிறகு 48 மணி நேரம் திறந்து வைப்பது நல்லது.

பெரிய பிழை எண்ணுவதில்தான் நேர்கிறது. எரிந்த தரையில் தடை இல்லாததால் பூச்சி வேகமாக ஓடும், டம்ளரில் அதிகம் விழும்; பூச்சி பெருகிவிட்டது என்று அர்த்தமில்லை. எத்தனை இனம் என்று பார்க்க வேண்டும். ஒரே வகை எறும்பு ஆயிரக்கணக்கில் விழுந்தால் அது கெட்ட அறிகுறி; மஞ்சள் எறும்பு பெருகியதால் 2022-ல் திண்டுக்கல் கரந்தமலையில் கால்நடைகளின் கண்கள் பாதிக்கப்பட்டது நினைவிருக்கும். பட்டாம்பூச்சியையும் பறப்பதை வைத்துக் கணக்கிடக் கூடாது. அக்டோபர், நவம்பரில் வலசை போகிறவை விருந்தாளிகள். இலையில் புழு இருந்தால்தான் அந்த இடத்துக்காரர்.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஒட்டி, விழக்கூடிய மரங்களை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டியதை லாரியில் ஏற்றாமல், தடிமனான துண்டுகளைச் சரிவுக்குக் குறுக்கே உள்ளே தள்ளிக் கிடத்தலாம். தீத்தடுப்புக் கோட்டின் மேல் மட்டும் போடக் கூடாது.

இப்படிக்கு,
பூச்சிக் கணக்கெடுப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
சேலம்.